அக்கம்பக்கம் விசாரித்ததில்

9 ஜூன் 2010, புதன்

ஒன்பதாம் பக்கத்தில் கரண்ட் போய்விட்டது.

திருப்பதியில் ஒரு கம்பெனி வேலைக்கு மொத்தம் பதினான்கு பக்க விண்ணப்பம். சித்தூரில் கோபிகிருஷ்ணன் அண்ணன் நடத்துகிற நெட் சென்டரில் பத்து மணிக்கு உட்கார்ந்தேன். என் பெயர், நைனா பெயர், நைனாவின் படிப்பு, பத்தாவதில் சோஷியலில் எத்தனை மார்க் (இது எதுக்கு?), கடந்த ஐந்து வருடங்களில் குடியிருந்த முகவரிகள். எனக்குப் பிறந்ததிலிருந்து ஒரே முகவரிதான், குடிபாலாவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. ஆனால் ஐந்து கட்டமும் நிரம்பினால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். ஒரே வீட்டை ஐந்து முறை எழுதினேன். கரண்ட் திரும்பி வந்ததும் திரையில் சிவப்பாக ஒரு வரி: உங்கள் நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும்.

"யு.பி.எஸ். இல்லியாண்ணா?"

"கீதும்மா. அதுக்கு சார்ஜ் ஏறணும்னா கரண்ட் இருக்கணுமே" என்றார். கோபத்திலும் சிரித்துவிட்டேன்.

ஆறாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? 'திருப்பதியில்' என்று எழுதினேன். முந்நூறு எழுத்துக்குக் குறையக்கூடாதாம். அண்ணன் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். இங்கே வருகிற எல்லோரும் அதிலிருந்துதான் எடுத்து ஒட்டுகிறார்கள். பொறுப்புள்ள பதவியில் இருந்துகொண்டு ஒரு குழுவை வழிநடத்துவேன் என்று நல்ல இங்கிலீஷில் இருந்தது. முதன்முதலில் இதை எழுதியது யார் என்று கேட்டேன். குப்பம் ஊர்ப் பையன் யாரோ, இரண்டாயிரத்து மூன்றிலாம். அப்படியானால் அவனுடைய ஐந்து வருடம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எங்கே இருக்கிறான்? பொறுப்புள்ள பதவியிலா? அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்கு வேலையை விட இதுதான் மண்டையைக் குடைகிறது.

11 ஜூன்

அனுப்பியாயிற்று. 'நன்றி. தேவைப்பட்டால் நாங்களே தொடர்புகொள்வோம்' என்று வந்தது. இது என் பதினைந்தாவது விண்ணப்பம். முந்தைய பதினான்கு பேருக்கும் இன்னும் தேவைப்படவில்லை.

17 ஜூன்

அம்மா கேட்டாள்: "வேலூர்ல உன்ன சேத்துக்கினப்போ இவ்ளோ கேட்டாங்களா?"

கேட்கவே இல்லை. இரண்டாயிரத்து ஆறில் மாடி ஏறிப் போனேன். காதில் ஹெட்போனை மாட்டி, அமெரிக்க டாக்டர் ஒருவர் நோயாளியைப் பற்றிப் பேசிய டேப்பைப் போட்டு, கேட்டு டைப் பண்ணு என்றார்கள். பத்து நிமிடம். 'நாளைக்கு வந்துடும்மா.' அவ்வளவுதான். இரண்டு வருடம் எட்டு மாதம் சாயங்கால பஸ்ஸில் போய்க் காலை பஸ்ஸில் வந்தேன். அங்கே அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. பிறகு அமெரிக்காவில் என்னவோ சரிந்தது, போன வருடம் மே மாதம் எங்கள் மாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். கையில் ஒரு அனுபவச் சான்றிதழ் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் நம்பரைக் கூப்பிட்டால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறது.

நைனா தீபாவளி வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் பலமனேர் சம்பந்தத்தைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. எனக்கு அவரைப் பற்றி மூன்று விஷயம் தெரியும்: உயரம், சம்பளம், சொந்தமாக பைக். கம்பெனிக்கு என்னைப் பற்றிப் பதினான்கு பக்கம் தெரியும்.

எனக்கு வேலைதான் வேண்டும். எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லக்கூடாது என்று.

28 ஜூன், திங்கள்

கூப்பிட்டார்கள்! திருப்பதிக்குப் போய் வந்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் பேப்பர்களைச் சரிபார்க்கிற கம்பெனி. அறுநூறு பேர் வந்திருப்பார்கள். டைப்பிங், இங்கிலீஷ் முடிந்த பிறகு மனசைப் பரிசோதிக்கிற பரீட்சை, நூற்றிருபது கேள்வி. 'விருந்துகளில் நான்தான் முதலில் பேச்சைத் தொடங்குவேன்' — முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், அப்படிப் போகிறது. எந்த விருந்தில்? எங்கள் ஊர் விருந்தில் பேசிக்கொண்டு நின்றால் இலை கிடைக்காது.

முப்பத்தொன்றாவது கேள்வி: நான் சில சமயம் பொய் சொல்வதுண்டு. எண்பத்தெட்டாவது: நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. ஆளைப் பிடிக்கத்தான் திருப்பிக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று போட்டேன். பக்கத்தில் இருந்த பெண் நேர் எதிராகப் போட்டிருந்தாள். "பொய் சொல்லுவேன்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா அக்கா?" என்றாள்.

இரண்டு பேருமே தேறிவிட்டோம். அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு? பஸ் காளஹஸ்தி ரோட்டில் திரும்பும் வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காளஹஸ்தி பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. இறங்கித் திரும்பி வந்து சித்தூர் பஸ் பிடித்தேன்.

5 ஜூலை

அம்மாவிடம் குரூப் டிஸ்கஷன் என்றால் என்ன என்று விளக்கினேன். பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு விஷயத்தைக் கொடுத்துப் பேச விடுவார்கள், அவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"சண்ட உட்டுப் பாக்கறாங்களா?"

ஏறக்குறைய.

13 ஜூலை

தலைப்பு: உலகமயம் வரமா, சாபமா. மதனபள்ளிப் பையன் ஒருவன் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினான். நான் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தேன். என் வேலூர் ஆபீஸ் திறந்ததும் அதனால்தான், மூடியதும் அதனால்தான், எனக்கு இரண்டும் ஒரே கதவு என்றேன். மார்க் போடுகிறவர் உடனே குனிந்து என்னவோ எழுதினார். வெளியே வரும்போது எட்டிப் பார்த்தேன். பூ வரைந்து வைத்திருந்தார்.

22 ஜூலை

இன்று எச்.ஆர். பெயர் வைஜயந்தி. நாற்பது வயது இருக்கும், காதில் வைரத்தோடு, இங்கிலீஷ் தண்ணீராக ஓடுகிறது. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார். 'அளவுக்கு மீறி உழைப்பது' என்று சொல்லச் சொல்லி கோபி அண்ணனின் ஃபைலில் இருந்தது. வாய் வரை வந்துவிட்டது. ஆனால் "கேள்வி கேட்பது" என்று சொல்லிவிட்டேன்.

பேனாவைக் கீழே வைத்தார். சரி, ஒன்று கேள் என்றார்.

"நீங்கள் சேரும்போது எத்தனை ரவுண்டு மேடம்?"

"ஒன்றுதான்" என்று சிரித்தார். எனக்கு ஐந்து என்று நான் எண்ணிச் சொல்லவில்லை.

3 ஆகஸ்ட்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது மாதிரி. கடிதத்தில் சம்பளம், சேரும் தேதி எல்லாம் இருக்கிறது. கடைசி வரியில் மட்டும், பின்னணி விசாரணைக்கு உட்பட்டது என்று போட்டிருக்கிறது. எனக்கு ஏது பின்னணி? அம்மா சர்க்கரை வாங்கி வந்து பாயசம் வைத்தாள். நைனா சத்தமில்லாமல் இரண்டு டம்ளர் குடித்தார்.

19 ஆகஸ்ட்

எதிர்வீட்டு ரத்னம்மா அத்தை ஓடி வந்து என் வாயில் வெல்லத்தைத் திணித்தாள். மத்தியானம் ஒருவர் என்னைப் பற்றி விசாரிக்க வந்தாராம். நானும் வீட்டில் இல்லை, அம்மாவும் இல்லை. எங்கள் தெருவுக்கு என்ன, ஒரு பெண்ணைப் பற்றி வெளியூர் ஆள் கேட்டால் அது சம்பந்தம்தான். அம்மாயி எலாண்டிதி, பெண் எப்படி என்று தெலுங்கில் கேட்டாராம்.

"ஷூ போட்டுக்கினு, பையி மாட்டிக்கினு, நான் சொல்றத எல்லாம் எழுதிக்கினே இருந்தாரு. பலமனேர்க்காரங்க நல்லா படிச்ச குடும்பம் கண்ணு. இதுவரிக்கும் யாராச்சும் பொண்ண எழுதி எட்த்துக்கினு போயிருக்காங்களா?"

எனக்கும் அதுதான் ஆச்சரியம். எழுதி எடுத்துப் போய் என்ன செய்வார்கள்? வீட்டில் வாசிப்பார்களா? 'தேவைப்பட்டால் தொடர்புகொள்வோம்' என்பார்களா? வேலைக் கடிதம் வந்தாயிற்றே, இன்னும் எதற்குச் சம்பந்தம் என்று அம்மாவைக் கேட்டேன். சேர்ந்த பிறகு பேசு என்றாள்.

27 ஆகஸ்ட், வெள்ளி

 முதலிலிருந்து எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வைஜயந்தி மேடம் போன் செய்தார். உன்னுடைய பின்னணி அறிக்கை வந்திருக்கிறது, சிக்கலாக இருக்கிறது என்று சொல்லி வாசித்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதி வைக்கிறேன்.

'அக்கம்பக்கம் விசாரித்ததில், விண்ணப்பதாரர் இதுவரை எந்த வேலைக்கும் சென்றதில்லை. வயது இருபத்திரண்டு. தந்தைக்கு ஐந்து ஏக்கர் நிலம். தனியாக வெளியே செல்லும் பழக்கமில்லை. நல்ல நிறம். அடக்கமானவர். சமையல் நன்றாகச் செய்வார்.'

சமையலை எதற்காக எழுதியிருக்கிறான் என்று அவருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஷூ. பை. எழுதிக்கினே இருந்தாரு! ஐயோ. அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவள் மறந்து, "ஐயோ மேடம், அவரு பொண்ணு விசாரிக்க வந்தவருன்னு நெனச்சி சொல்லிட்டாங்க மேடம்" என்று கத்திவிட்டேன்.  பிறகு அவரும் தமிழில் வந்தார்.

"பெருமாளே! எங்காத்துலயும் இதே கதைதான். என்னைப் பார்க்க வந்தப்போ, இவ பொழுதுபோகாம வேலைக்குப் போயிண்டிருக்கா, நாளைக்கே விட்டுடுவான்னு எங்க மாமி சொல்லி வெச்சா. பதினாறு வருஷம் ஆச்சு." சிரித்தார். பிறகு குரல் மாறியது. "ஆனா இதை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா. வேலூர் நம்பர் வேலை செய்யலை. நீ வேலை பார்த்ததுக்கு இப்போ அக்கம்பக்கம்தான் சாட்சி. அவாளே இல்லைங்கறா."

விசாரிக்கிற ஏஜென்சியிடம் இன்னும் ஒரு தடவை ஆள் அனுப்பச் சொல்கிறாராம். செப்டம்பர் பத்துக்குள் வருவார். எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றும் சொல்லமாட்டார், அது அவர்கள் விதி. மறுபடியும் இதே பதில் வந்தால் பொய்த் தகவல் கொடுத்தவள் என்று என் பெயரைப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். இங்கே மட்டுமில்லை, அந்த ஏஜென்சியை வைத்திருக்கிற எந்தக் கம்பெனியிலும் நுழைய முடியாது.

நான் பொய் சொன்னேனா? நூற்றிருபது கேள்வியில் நிஜம் சொன்னவள் நான்!

28 ஆகஸ்ட்

அத்தையோடு சண்டை போட்டேன். தெருவே பார்த்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை. நான் வேலைக்கே போகலியா, சாயங்காலம் அஞ்சே முக்கா பஸ்ஸுக்கு ஓடும்போது தெனம் 'இன்னா கண்ணு துன்னுட்டியா'ன்னு கேட்டது யாரு, வேற யாராவதா? இன்னாத்துக்கு அத்தை இப்டிப் பண்ணே?

அத்தை அழுதுவிட்டாள். "நானாவா சொன்னேன்? உங்கம்மா சொல்லிக் குட்த்தத சொன்னேன்."

"அஞ்சு ஏக்கரா?"

"அது மட்டும் நானா சேத்தது" என்று மூக்கைச் சிந்தினாள்.

அம்மா நடையில் உட்கார்ந்து விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். பலமனேர்க்காரர்கள் தரகரிடம், பெண் ராத்திரி வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோமே என்று கேட்டார்களாம். அதனால் அம்மா தெருவில் ஆறு வீட்டுக்கும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஆறு வீடு! ஒரு வீடாவது என்னிடம் மூச்சு விட்டதா?

அந்தப் பெண்ணை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வயசு, நல்ல நிறம், ஐந்து ஏக்கர், வாசல்படி தாண்டாதவள், சமையலில் கெட்டிக்காரி. நான் வைக்கிற குழம்பை நைனா தவிர யாரும் தொடுவதில்லை.

30 ஆகஸ்ட்

இடியாப்பச் சிக்கல் இப்போதுதான் ஆரம்பம். தரகர் வந்தார். பலமனேரிலிருந்து இதுவரை யாரும் வரவே இல்லையாம். ஆவணி முடிவதற்குள் மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் வந்து தெருவில் விசாரித்துவிட்டுப் போவார், அப்புறம்தான் பெண் பார்ப்பதாம். அதாவது இவர்களும் அந்தப் பத்து நாளில்தான். இவர்களும் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள்.

அத்தை நடுவில் உட்கார்ந்து கேட்டாள்: "ரெண்டு பேருல யாரு எவன்னு நான் எப்டி கண்டுபுடிக்கிறது?"

ஷூ போட்டிருந்தால் கம்பெனி, செருப்புப் போட்டிருந்தால் சம்பந்தம் என்றேன். மாப்பிள்ளை வீட்டாரும் பெங்களூர் பழக்கத்தில் ஷூ போட்டுக்கொண்டு வந்தால்? எழுதினால் கம்பெனி. எழுதாவிட்டால்? எழுத ஆரம்பிப்பதற்குள் அத்தை பாதி சொல்லி முடித்திருப்பாள். எந்த ஊர் என்று கேட்கலாம் என்றார் நைனா. ஏஜென்சிக்காரனும் பலமனேர் ஆளாகவே இருந்தால்? எல்லாவற்றுக்கும் பரீட்சை வைக்கிறார்கள், வருகிறவனுக்கு வைக்க எனக்கு ஒரு பரீட்சை தோன்றவில்லை.

31 ஆகஸ்ட்

காலையில் அம்மா அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யக்கா, யாரு வந்தாலும் நெஜத்த சொல்லிடு."

"பலமனேர்க்காரங்க வந்தா?"

"வந்தாலும் அதையே சொல்லு."

நைனா, "கொஞ்சம் யோசிச்சிப் பேசு செங்கம்மா" என்றார்.

"யோசிச்சிட்டேன். காலையில அது பஸ்ஸு எறங்கி தூங்கிக்கினே நடந்து வரும். ஒரு நா சாக்கட மோரியில கால உட்டுக்கினு அப்பவும் முழிக்கல. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்? மூணு வருசம் கண்ணு முழிச்சத இல்லன்னு சொல்லி ஒரு கல்யாணம் வேணாம். என் வாயால அத அழிச்சிட்டேனேன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனார். அம்மா ஆறு வீட்டுக்கும் மறுபடி நடந்தாள்.

நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன், அவளுக்கு அது பிடிக்காது.

4 செப்டம்பர்

யாரும் வரவில்லை. பால்காரரின் புது ஆளிடம் அத்தை என் முழு ஜாதகத்தையும் ஒப்பித்திருக்கிறாள். அவர் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்றுதான் கேட்டாராம்.

7 செப்டம்பர், செவ்வாய்

வந்தார்.

ஷூ போட்டிருந்தார். கையில் ஹெல்மெட். நான் ஜன்னல் கதவை ஒரு விரல் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு வாசல், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. என்னைப் பற்றி ஒருத்தர் உண்மையைச் சொல்வதை இதற்கு முன் நான் கேட்டதில்லை. நேரில் யார் சொல்கிறார்கள்?

"இருபத்தஞ்சு முடிஞ்சி இருபத்தாறு நடக்குதுங்க. நெலம் ஒன்ற ஏக்கரு, அதுவும் கவர்மென்ட்டு குட்த்த பட்டா. வேலூர்ல மூணு வருசம் ராத்திரி வேலைக்குப் போச்சி. சாயங்காலம் போவும், காலையில வரும். ஒரு நா மட்டம் போட்டதில்ல. அவங்க நைனாவுக்கு ஆபரேசன் ஆனப்போ அது சம்பளந்தான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. எல்லாத்துக்கும் எதுக்கு எதுக்குன்னு கேக்கும். சமையலு சுமாருங்க. கருப்புதான், ஆனா லட்சணம்."

அவர் ஒன்றும் எழுதவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது ஒன்று கேட்டார். அத்தை பதில் சொன்னாள். பைக் போனதும் அத்தை தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சந்தியா, கம்பெனிக்காரன் நட்சத்திரம் கேப்பானா?"

பதினான்கு பக்கத்தில் அவர்கள் கேட்காத ஒரே கேள்வி அதுதான்.

"அப்பவாச்சும் மாத்தி சொல்லலாம்னு வாய் வரிக்கும் வந்துச்சி கண்ணு. உங்கம்மா சொன்னது ஞாபகம் வந்துட்ச்சி. அனுஷம்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன்."

அம்மா சாயங்காலம் வந்து அத்தையைக் கேட்டாள். "சொல்லிட்டியா? சரி" என்று கால் கழுவப் போனாள். கால் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

9 செப்டம்பர்

இன்னொருவர் வந்தார். செருப்பு. எழுதினார். ஒரு தடவை சொல்லிப் பழகிவிட்டதால் அத்தை இந்த முறை தங்குதடையில்லாமல் சொன்னாள். அடுத்த வீட்டையும் அதற்கடுத்த வீட்டையும் கூப்பிட்டுக் கையெழுத்தும் போட வைத்தாளாம். அவர் கேட்கவே இல்லையாம்.

14 செப்டம்பர்

பலமனேரிலிருந்து தகவல்: ஜாதகம் பொருந்தவில்லை. தரகர் அதைச் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நைனா ஒரு வாரமாக அம்மாவோடு பேசவில்லை.

எனக்குச் சந்தோஷமா? ஆமாம். அம்மா முகத்தைப் பார்க்கும்போது மட்டும் இல்லை.

20 செப்டம்பர்

வைஜயந்தி மேடம்: "பச்சை வந்துடுத்தும்மா. நாலாம் தேதி வந்து சேர்ந்துக்கோ." பச்சை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமாம். நைனா என் பையை எடுத்துப் பார்த்து, ஜிப் போய்விட்டது என்று சொல்லி சித்தூருக்குத் தைக்க எடுத்துப் போனார். போகும்போது அம்மாவிடம், உனக்கு ஏதாவது வேணுமா என்று கேட்டார்.

4 அக்டோபர், திங்கள்

திருப்பதி. லேடீஸ் ஹாஸ்டல், மூன்று பேர் அறை, சாயங்காலம் ஏழு மணி.

முதல் நாள் முழுக்க ஃபாரம்தான். பதினொன்று. பத்தை அங்கேயே முடித்தேன். கடைசி ஒன்று குடும்பத்துக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ். அம்மா பெயர், வயது, தொழில். செங்கம்மா, நாற்பத்தெட்டு, ஹவுஸ் வைஃப் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது நைனா அப்படித்தான் சொன்னார், அதிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பதினைந்து கம்பெனிக்கும் அதைத்தான் எழுதினேன். யாரும் சரிபார்க்கவில்லை.

பேனா நின்றுவிட்டது. அடித்து எழுதக்கூடாது என்று கீழே போட்டிருந்தது. வைஜயந்தி மேடத்திடம் போய் வேறு ஃபாரம் கேட்டேன். என்ன தப்பு என்றார். "அம்மாவோட தொழில் மேடம்." கொடுத்துவிட்டு, "எத்தனை வருஷமா பண்றா?" என்று சும்மாதான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. குப்பத்துப் பையன் என்ன ஆனான் என்று கேட்டவள் நான். அம்மாவிடம் இதைக் கேட்டதே இல்லை.

ஃபாரத்தை நாளைக் காலையில் கொடுக்கலாம் என்றார். ஹாஸ்டலுக்கு வந்ததும் நைனா போனுக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ம்மா, நீ எந்த வயசுல வேலைக்குப் போனே?"

"இன்னாடி இது, உங்க கம்பெனில என்னியும் எட்த்துக்கறாங்களா?" என்று சிரித்தாள். பிறகு யோசித்து யோசித்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தப்பாக எழுதிய பழைய ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எட்டு வயதில் ரெட்டி வீட்டு மாடு. பதினொன்றில் கடலை பிடுங்க, பத்து வருடம். கல்யாணம் ஆன வருடம் கரும்பு வெட்ட, அது இன்றுவரைக்கும். நான் வயிற்றில் இருந்தபோது செங்கல் சூளை, ஏழாம் மாதம் வரை. நான் பிறந்த நாற்பதாம் நாள் திரும்பவும் சூளை. ஜூஸ் ஃபேக்டரியில் மாங்காய் பிரிக்க, பதினான்கு சீசன். நடுவில் ரோடு வேலை, எந்த வருடம் என்று அவளுக்கு ஞாபகமில்லை. அத்தையைக் கேட்டால் தெரியும் என்றாள்.